எஸ்ஏடி ஸ்கோர் போய்ச் சேர்வது எப்போது? உதவித்தொகைக்கு நாள் எண்ணும் விதம்

"நவம்பர் 8 பரீட்சை, டிசம்பர் 1 கடைசி நாள். நடுவுல மூணு வாரம் இருக்குதுங்களே சார், தாராளமா போதும்."

அமெரிக்கக் கல்லூரியில் சேர எழுதும் எஸ்ஏடி தேர்வையும் அங்கே உதவித்தொகைக்கான கடைசி நாளையும் பற்றி, 2025 அக்டோபரில் ஒரு மாணவியின் அப்பா என்னிடம் இப்படிச் சொன்னார். சேலம் அஸ்தம்பட்டியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நான் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். அவர் செவ்வாப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். ஆர்டர் எடுத்தால் சொன்ன நாளில் சரக்கைக் கையில் கொடுத்துவிடுவார். அப்படிப்பட்டவரே இந்த விஷயத்தில் நாளைத் தவறாக எண்ணிவிட்டார், நானும் அப்போது சரியென்று தலையாட்டிவிட்டேன். அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்கக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் வீடுகளில் "ஸ்கோர் அனுப்பியாச்சு" என்ற பேச்சு சகஜமாக அடிபடும். பரீட்சை எழுதி முடித்ததையும் அப்படித்தான் சொல்கிறோம், வலைத்தளத்தில் பட்டனை அழுத்தியதையும் அப்படித்தான் சொல்கிறோம். கல்லூரிக்கு இவையெல்லாம் தனித்தனி நாள்கள். உதவித்தொகைக்குக் கணக்கில் வருவது அவற்றில் ஒன்றே ஒன்றுதான். அது எது, அதற்கு முன்னால் என்னென்ன நடக்கிறது என்பதை ஆரம்பத்திலிருந்து பார்ப்போம்.

## மாம்பழப் பெட்டி

சென்னையில் அத்தை வீட்டுக் கிரகப்பிரவேசம், ஞாயிற்றுக்கிழமை. சேலத்திலிருந்து ஒரு பெட்டி குண்டு மாம்பழம் அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோப்பில் காயைப் பறிப்பது ஒரு நாள். வைக்கோலில் பரப்பி வைத்தால் பழுக்கச் சில நாள் ஆகும், நாம் எவ்வளவு அவசரப்பட்டாலும் அது தன் நேரத்தில்தான் பழுக்கும். பார்சல் ஆபீஸில் புக் செய்வது ஒரு நாள். சென்னையில் லாரியிலிருந்து பெட்டி இறங்குவது இன்னொரு நாள். இறங்கிய பெட்டி குடோனில் கிடக்கும். மேலே எழுதிய பெயரைப் பார்த்து இன்னாருடையது என்று தெரிந்து, அத்தை வீட்டுக்குள் வந்த பிறகுதான் பந்தியில் பழம் விழும்.

"புதன்கிழமையே அனுப்பிட்டேனே அத்தை" என்று நாம் சொல்வது பொய்யில்லை. ஞாயிறு பந்தியில் பழம் இல்லை என்று அத்தை சொல்வதும் பொய்யில்லை.

ஸ்கோருக்கும் இதே ஐந்து நாள்கள் உண்டு. பரீட்சை எழுதுவது காய் பறித்த நாள். ஸ்கோர் வெளியாவது பழுத்த நாள். இந்தக் கல்லூரிக்கு அனுப்பு என்று நாம் சொல்வது புக் செய்த நாள். கல்லூரியின் கம்ப்யூட்டருக்கு அது போய்ச் சேர்வது பெட்டி இறங்கிய நாள். கடைசியாக, அந்த ஸ்கோரை நம் விண்ணப்பக் கோப்போடு அவர்கள் இணைப்பது, பழம் வீட்டுக்குள் வந்த நாள்.

இதுவரை: உதவித்தொகைக் குழு நம் கோப்பைத் திறக்கும்போது உள்ளே ஸ்கோர் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஆகவே ஐந்தாவது நாளை வைத்தே திட்டமிட வேண்டும். கொலுசுப் பட்டறைக்காரரும் நானும் முதல் நாளை வைத்து எண்ணினோம்.

## நம் ஊர்ப் பழக்கம் எங்கே இடிக்கிறது

நம் ஊரில் பிளஸ் டூ மதிப்பெண்ணை யாரும் எங்கும் அனுப்புவதில்லை. மாநிலப் பாடத்திட்டத்தில் படித்த பிள்ளை பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு செய்தால் போதும், மதிப்பெண் அரசுத் தேர்வுகள் இயக்ககத்திலிருந்து தானாக அங்கே போய்விடும். பதிவெண் ஒன்றே எல்லாவற்றையும் இழுத்து வந்துவிடும். இந்த வசதியில் வளர்ந்த நமக்கு, ஸ்கோர் தானாகப் போகாது என்பதே மனதில் பதிவதில்லை.

இன்னொன்று, கடைசித் தேதி. "விண்ணப்பிக்க மேலும் ஒரு வாரம் அவகாசம்" என்ற செய்தியைப் பார்த்துப் பார்த்து, கடைசித் தேதி என்பது எப்படியும் தள்ளிப்போகும் ஒன்று என்று நமக்குள் ஒரு நம்பிக்கை. அமெரிக்கக் கல்லூரிகளின் உதவித்தொகை நாளை அந்த நம்பிக்கையோடு பார்க்கவே கூடாது.

எஸ்ஏடி தேர்வை நடத்துவது காலேஜ் போர்டு என்ற லாப நோக்கற்ற அமைப்பு. மொத்தம் 1600 மதிப்பெண். ஆங்கில வாசிப்பும் எழுத்தும் சேர்ந்து 200 முதல் 800 வரை, கணக்கு 200 முதல் 800 வரை. 2023 மார்ச்சிலிருந்து வெளிநாடுகளில் இது முழுக்க கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. காலேஜ் போர்டு வேறு, நாம் விண்ணப்பிக்கும் கல்லூரி வேறு. இவருக்கு அனுப்பு என்று நாம் சொல்லாதவரை காலேஜ் போர்டு எந்தக் கல்லூரிக்கும் நம் ஸ்கோரை அனுப்பாது. அப்படி நம் பேரில் அது நேராக அனுப்பும் தாளுக்கு அதிகாரபூர்வ ஸ்கோர் அறிக்கை என்று பெயர். நாம் எடுக்கும் ஸ்கிரீன்ஷாட்டோ பிரிண்ட் அவுட்டோ அதில் சேராது.

## காலண்டரை எடுத்து வைத்துப் பார்ப்போம்

2025இல் அக்டோபர் 4 சனிக்கிழமை ஒரு எஸ்ஏடி. அதன் ஸ்கோர் வெளியானது அக்டோபர் 17 வெள்ளிக்கிழமை. ஏறக்குறைய இரண்டு வாரம். இந்த இரண்டு வாரம்தான் பழுக்கும் காலம். நவம்பர் 1ஆம் தேதி கடைசி நாள் வைத்திருந்த கல்லூரிக்கு, ஸ்கோர் வந்த பிறகு பத்து வேலைநாள் கையில் இருந்தது. அக்டோபர் 20 தீபாவளி. ஸ்கோர் பார்த்த சந்தோஷத்தில் ஊருக்குக் கிளம்பி, திரும்பி வந்து அனுப்பிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தால் அதிலும் நாலைந்து நாள் போயிருக்கும். ஆனாலும் சமாளித்திருக்கலாம்.

இப்போது அந்த மாணவியின் கணக்கு. நவம்பர் 8 பரீட்சை. ஸ்கோர் வெளியானது நவம்பர் 21 வெள்ளிக்கிழமை. கடைசி நாளான டிசம்பர் 1 ஒரு திங்கட்கிழமை. பார்த்தால் பத்து நாள் இருக்கிறது. ஆனால் நவம்பரின் நான்காவது வியாழன் அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங், நமக்குப் பொங்கல் போல அவர்கள் குடும்பத்தோடு கூடும் நாள். அந்த வருடம் அது நவம்பர் 27. மறுநாள் வெள்ளிக்கிழமையும் பெரும்பாலான கல்லூரி அலுவலகங்கள் மூடியிருக்கும். அப்புறம் சனி, ஞாயிறு. ஆக அந்தப் பத்து நாளில் கல்லூரியில் ஆள் இருந்து வேலை நடக்கும் நாள்கள் 24, 25, 26 ஆகிய மூன்றும், டிசம்பர் 1ஆம் தேதியும்தான்.

அப்பா சொன்ன மூன்று வாரம், எண்ணிப் பார்த்தால் நாலு வேலைநாள்.

அதிலும் ஒரு நாள் நம் பக்கமே போனது. வெள்ளி இரவு ஸ்கோர் பார்த்து, அப்போதே அனுப்பப் பணம் கட்டப் போனார்கள். கார்டு போகவில்லை. நம் வங்கிகள் தரும் டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பெரும்பாலும் முடக்கியேதான் இருக்கும், நாம்தான் திறந்துவிட வேண்டும். அவர்களுடைய வங்கியின் ஆப்பில் அது திறக்க மறுத்தது. மறுநாள் நவம்பர் 22 மாதத்தின் நாலாவது சனிக்கிழமை, வங்கி விடுமுறை. ஞாயிறும் போயிற்று. திங்கள் காலை பத்து மணிக்கு வங்கி வாசலில் நின்று, படிவம் எழுதிக் கொடுத்து, மதியத்துக்கு மேல்தான் கார்டு வேலை செய்தது. உங்கள் வீட்டில் யாராவது இந்தப் பரீட்சைக்குத் தயாராகிறார்கள் என்றால், இந்தப் பத்தியைப் படித்த கையோடு கார்டைத் திறந்து வையுங்கள். மற்றதை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

இதுவரை: பரீட்சையிலிருந்து ஸ்கோர் வெளிவர ஏறக்குறைய இரண்டு வாரம். அதற்கு மேல் உள்ள நாள்களை எண்ணும்போது அவர்கள் ஊர் வேலைநாளை மட்டும் எண்ணுங்கள், நம் ஊர் விடுமுறையையும் கழித்துக்கொள்ளுங்கள்.

## இலவசமாக நாலு கல்லூரி

எஸ்ஏடி எழுதும் ஒவ்வொரு முறையும் நாலு கல்லூரிகளுக்கு ஸ்கோரை இலவசமாக அனுப்பலாம். பெயர் பதிவு செய்யும்போதே கல்லூரிகளைக் குறித்துக் கொடுக்கலாம், பரீட்சை முடிந்து 9 நாள் வரையிலும் மாற்றலாம். நவம்பர் 8 பரீட்சை என்றால் 17ஆம் தேதி வரை. இப்படிக் கொடுத்துவிட்டால் ஸ்கோர் வெளியானவுடன் தானாகப் புறப்பட்டுவிடும். 9 நாள் தாண்டிவிட்டால் ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

இதில் தயக்கம் எங்கே வருகிறது என்றால், அந்த 9 நாளுக்குள் ஸ்கோர் என்னவென்று நமக்குத் தெரியாது. பழம் இனிக்குமா புளிக்குமா என்று பார்க்காமலே பெட்டியைப் புக் செய்வது போல. "முதல்ல மார்க்கப் பார்த்துட்டு அனுப்பிக்கலாம் சார்" என்று அந்தப் பெண் சொன்னாள். பதினேழு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பயம் வருவது இயல்புதான்.

என் அபிப்பிராயம் இது. கடைசி நாளுக்கு மூன்று மாதம் முன்னால் எழுதும் பரீட்சை என்றால் பார்த்துவிட்டே அனுப்பலாம், பணம்தான் கொஞ்சம் போகும். கடைசி நாளை ஒட்டி எழுதும் பரீட்சை என்றால், கட்டாயம் போடப்போகிற கல்லூரிகளை இலவசப் பட்டியலில் போட்டுவிட வேண்டும். அந்த ஸ்கோர் வராவிட்டால் உதவித்தொகைக்கே நம்மைப் பார்க்கமாட்டார்கள் என்கிற இடத்தில், குறைந்த ஸ்கோர் போய்விடுமோ என்று பயந்து எதையுமே அனுப்பாமல் இருப்பதில் என்ன லாபம்?

அவசரத்துக்குக் கூடுதல் பணம் கட்டி விரைவாக அனுப்பும் வழியும் உண்டு. அது புக் செய்த பெட்டியைச் சென்னை வரை வேகமாகக் கொண்டுபோகும், அவ்வளவுதான். குடோனிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவருவது கல்லூரியின் வேலை, அந்த வேகத்தை நம் பணம் கூட்டாது.

## பெட்டியில் எழுதிய பெயர்

தமிழ்ப் பிள்ளைகளுக்கென்றே உள்ள சிக்கல் இது. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கல்லூரிக்கு ஒரே நாளில் ஆயிரக்கணக்கான ஸ்கோர்கள் வந்து விழும். பெயர், பிறந்த தேதி, மின்னஞ்சல் போன்ற விவரங்களை வைத்து கம்ப்யூட்டர் ஒவ்வொன்றையும் அதற்குரிய விண்ணப்பத்தோடு பொருத்தும். பொருந்தாதவை ஓரமாக ஒதுங்கிவிடும், ஆள் வந்து பார்க்கும்வரை அங்கேயே கிடக்கும்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். முருகன் மகள் கவிதா என்று ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றிதழில் "எம். கவிதா". பாஸ்போர்ட்டில் "கவிதா முருகன்". எஸ்ஏடிக்குப் பதிவு செய்தபோது கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் வெறும் "எம்" என்று அடித்தாள். கல்லூரி விண்ணப்பத்தில் ஆலோசகர் ஒருவர் சொன்னார் என்று "முருகன் கவிதா" என்று மாற்றிப் போட்டாள். நமக்கு நாலும் ஒரே கவிதா. கம்ப்யூட்டருக்கு நாலு பேர். பற்றாக்குறைக்கு, எஸ்ஏடி கணக்கில் இருப்பது அப்பாவின் மின்னஞ்சல், விண்ணப்பத்தில் இருப்பது அவளுடையது.

பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை, அதே எழுத்தில், அதே வரிசையில், எல்லா இடத்திலும் போடுங்கள். மின்னஞ்சல் ஒன்றே ஒன்று, பிள்ளையின் பெயரில் இருக்கட்டும். பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை என்றால், எஸ்ஏடிக்குப் பதிவு செய்யும் முன்பே எடுத்துவிடுங்கள்.

## தானே சொல்லும் ஸ்கோர்

இங்கே ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. பல கல்லூரிகள் இப்போது விண்ணப்பிக்கும்போது அதிகாரபூர்வ அறிக்கையைக் கேட்பதில்லை. மாணவர் தன் ஸ்கோரைத் தானே விண்ணப்பத்தில் எழுதினால் போதும். இதைத் தன்னறிவிப்பு ஸ்கோர் என்று சொல்லலாம். இடம் கிடைத்துச் சேரப்போகும்போது அதிகாரபூர்வ அறிக்கையை வாங்கி ஒத்துப்பார்ப்பார்கள். அங்கே மேலே சொன்ன அனுப்பும் பாடெல்லாம் மிச்சம்.

ஆனால் கவனிக்க வேண்டியது, சேர்க்கைக்கு ஒரு விதி, உதவித்தொகைக்கு இன்னொரு விதி என்று வைத்திருக்கும் கல்லூரிகளும் உண்டு. சேர்க்கைப் பக்கத்தில் "ஸ்கோர் கட்டாயமில்லை" என்று போட்டிருக்கும். அதை மட்டும் படித்துவிட்டு நாம் நிம்மதியாகிவிடுவோம். உதவித்தொகைப் பக்கத்தைத் தனியாகத் திறந்தால், இன்ன தேதிக்குள் அதிகாரபூர்வ ஸ்கோர் வந்திருக்க வேண்டும் என்று இருக்கும். கட்டாயமில்லை என்பது இடத்துக்குத்தான், பணத்துக்கு இல்லை. இரண்டு பக்கத்தையும் படியுங்கள். "அனுப்பியிருக்க வேண்டும்" என்று போட்டிருக்கிறதா, "வந்திருக்க வேண்டும்" என்று போட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். அந்த ஒரு சொல்லில் ஒரு வாரம் அடங்கியிருக்கிறது.

## இரண்டு முறை எழுதியவர்களுக்கு

பல கல்லூரிகள், வெவ்வேறு தேதியில் எழுதிய பரீட்சைகளிலிருந்து ஒவ்வொரு பகுதியின் அதிகபட்ச மதிப்பெண்ணையும் எடுத்துக் கூட்டிக்கொள்ளும். இதற்கு சூப்பர்ஸ்கோர் என்று பெயர். ஆகஸ்டில் கணக்கு 760, ஆங்கிலம் 640, மொத்தம் 1400. அக்டோபரில் கணக்கு 720, ஆங்கிலம் 700, மொத்தம் 1420. கூட்டி எடுத்தால் 760, 700, ஆக 1460. இன்ன ஸ்கோருக்கு இவ்வளவு உதவித்தொகை என்று படிக்கட்டு போல வைத்திருக்கும் கல்லூரியில் அந்த 40 மதிப்பெண் அடுத்த படிக்கு ஏற்றிவிடலாம். அதற்கு இரண்டு தேதிகளின் ஸ்கோரும் கடைசி நாளுக்குள் போயிருக்க வேண்டும். புதியதை மட்டும் அனுப்பிவிட்டு, பழைய 760ஐ வீட்டில் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

## ஸ்கோருக்கும் பணத்துக்கும் சம்பந்தமே இல்லாத இடங்கள்

உதவித்தொகையில் இரண்டு வகை. படிப்பையும் திறமையையும் பார்த்துக் கொடுப்பது ஒன்று. குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுப்பது இன்னொன்று. இதுவரை சொன்னதெல்லாம் முதல் வகைக்கு.

ஹார்வர்டு, யேல் உட்பட ஐவி லீக் என்று சொல்லப்படும் எட்டுப் பல்கலைக்கழகங்கள் முதல் வகையைக் கொடுப்பதே இல்லை, வருமானத்தைத்தான் பார்க்கும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடி 2022இல் எஸ்ஏடி போன்ற தேர்வை மறுபடி கட்டாயமாக்கியது. ஆனால் அங்கேயும் பண உதவி வருமானத்தை வைத்துத்தான். கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள் சேர்க்கைக்கும் சரி, உதவித்தொகைக்கும் சரி, எஸ்ஏடியைப் பார்ப்பதே இல்லை. 1550 எடுத்தால் பணம் கொடுப்பார்கள் என்று நம்பி இங்கெல்லாம் அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கே ஸ்கோர் பணமாகும் என்று முதலில் பார்த்துக்கொண்டால், அவசரமும் செலவும் அந்தக் கல்லூரிகளுக்கு மட்டும் போதும்.

## பின்னாலிருந்து எண்ணுவது

கல்யாணத்துக்கு முகூர்த்த நாளைக் குறித்துவிட்டுத்தான் பின்னோக்கி மண்டபம், பத்திரிகை, ஜவுளி என்று நாள் குறிக்கிறோம். இங்கேயும் அப்படியே. உதவித்தொகைக் கடைசி நாள் நவம்பர் 1 என்றால், கோப்பில் இணைய இரண்டு வாரம் ஒதுக்குங்கள். ஸ்கோர் வெளிவர இரண்டு வாரம். ஆக அக்டோபர் முதல் வாரப் பரீட்சைதான் விளிம்பு. அது விளிம்பு என்பதால், ஆகஸ்டில் எழுதிவிடுவதுதான் நிம்மதி. அப்போது மதிப்பெண் போதவில்லை என்றால் அக்டோபர் இரண்டாவது வாய்ப்பாக இருக்கும். வழக்கமான பெயர் பதிவு பரீட்சைக்கு இரண்டு வாரம் முன்பே முடிந்துவிடும், மையத்தில் இடங்கள் அதற்கும் முன்பே நிரம்பிவிடும். பக்கத்தில் கிடைக்காமல் சென்னைக்கோ பெங்களூருக்கோ போக வேண்டி வந்தால் முந்தின நாளே கிளம்ப வேண்டும். ஏற்காட்டுப் பிள்ளைகள் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து சேலத்தில் ரயில் பிடிக்கும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்படி எண்ணிக்கொண்டே போனால் ஜூனில் பள்ளி திறக்கும்போதே வேலை ஆரம்பிக்கிறது.

மணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரவு 11:59 என்பது சில இடங்களில் விண்ணப்பிப்பவரின் ஊர் மணி, சில இடங்களில் கல்லூரியின் ஊர் மணி. நியூயார்க் மணிப்படி டிசம்பர் 1 இரவு 11:59 என்றால் நமக்கு மறுநாள் காலை 10:29. இந்தப் பத்தரை மணி நேரத்தை இனாமாகக் கிடைத்ததாக எண்ணித் திட்டம் போடாதீர்கள். நம் ஊர் நள்ளிரவையே கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

## கோப்பில் இல்லை என்று காட்டினால்

விண்ணப்பித்த பிறகு கல்லூரி நமக்கு ஒரு போர்ட்டல் திறந்து கொடுக்கும். விண்ணப்பத்தின் நிலையைப் பார்க்கும் தனிப்பக்கம் அது. எது வந்தது, எது வரவில்லை என்று அதில் பட்டியல் இருக்கும். ஸ்கோர் அனுப்பிய மூன்றாம் நாளிலிருந்து தினமும் ஒரு முறை அதைத் திறந்து பாருங்கள்.

அந்த மாணவிக்கு நவம்பர் 26 இரவு வரை "வரவில்லை" என்றே காட்டியது. பெயர் பொருந்தாததுதான் காரணம் என்று எங்களுக்கு அப்போது தோன்றவில்லை, தாமதம் என்றே நினைத்தோம். 28ஆம் தேதிதான் பெயர் மேல் சந்தேகம் வந்து, அவளை என் பக்கத்தில் உட்கார வைத்து, அவள் விண்ணப்பித்திருந்த இரண்டு கல்லூரிகளுக்கும் மெயில் எழுதினோம். விண்ணப்ப எண், பாஸ்போர்ட்டில் உள்ள முழுப்பெயர், எஸ்ஏடியில் பதிந்த பெயர், பிறந்த தேதி, பரீட்சைத் தேதி, அனுப்பச் சொன்ன தேதி, ஸ்கோர் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பணம் கட்டிய ரசீது. "இரண்டு பெயரும் ஒருவருடையதே, தயவுசெய்து இணைத்துவிடுங்கள்" என்று நாலு வரி. தேங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாள் என்பதால் படிக்க ஆள் இல்லை.

டிசம்பர் 1 இரவு எட்டு மணிக்கு ஒரு கல்லூரியிலிருந்து பதில் வந்தது. ஸ்கோர் 26ஆம் தேதியே வந்து ஒதுங்கிக் கிடந்ததாம், இப்போது இணைத்துவிட்டோம், உதவித்தொகைப் பட்டியலில் பெயர் இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். இன்னொரு கல்லூரி இரண்டு நாள் கழித்துப் பதில் போட்டது. சேர்க்கைக்கு விண்ணப்பம் செல்லும், ஸ்கோர் கோப்பில் சேர்ந்த தேதி டிசம்பர் 2 என்பதால் இந்த ஆண்டு உதவித்தொகைக்குப் பரிசீலிக்க இயலாது. அப்பா அந்த மெயிலை என்னை இரண்டு முறை தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டார். அப்புறம் பட்டறைச் சுவரில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரில் அடுத்த வருட ஜூன் மாதத்தைத் தேடினார். இளையவன் அப்போது பதினொன்றாம் வகுப்பில் இருந்தான்.